புல்வெளிக்கு மருந்து அடிப்பதை ஊர் தடுக்கலாமா? - ஹட்சன் நகரத்தின் கதை

நம் ஊரில் பூச்சிக்கொல்லியை யாரும் விஷம் என்று சொல்வதில்லை. "மருந்து" என்றுதான் சொல்வார்கள். "வயலுக்கு மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்பது வழக்கம். நோய் தீர்ப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்வதும் மருந்து! இந்த ஒரே சொல்லுக்குள் ஒரு பெரிய வாதம் அடங்கியிருக்கிறது. அது நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னொரு கேள்வி. டெல்லி, வாஷிங்டன், ஒட்டாவா போன்ற தலைநகரங்களில் இருக்கும் நிபுணர்களுக்கா? அல்லது அந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஊர்க்காரர்களுக்கா?

இந்த இரண்டாவது கேள்விக்கு கனடாவில் ஒரு சின்ன ஊர் பதில் தேடிப் போனது. அந்த ஊரின் பெயர் ஹட்சன். கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியல் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஒட்டாவா நதிக்கரையில் இருக்கிறது. அப்போதைய மக்கள் தொகை ஐயாயிரத்துச் சொச்சம். நம் கணக்கில் ஒரு சின்ன ஊர்தான். அந்த ஊர் 1991-ல் போட்ட ஒரு விதி, பத்து ஆண்டுகளில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த நாட்டின் சட்ட வரலாற்றில் இடம் பிடித்தது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

புல்வெளி என்னும் கௌரவம்

முதலில் ஒரு விஷயம். இந்தக் கதையில் வரும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் பெரும்பாலும் விவசாயத்துக்கானவை அல்ல. வீட்டு வாசலில் இருக்கும் புல்வெளிக்கானவை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடு என்றால் முன்னால் ஒரு புல்வெளி இருக்க வேண்டும். அது ஒரே பச்சையாக, ஒரே உயரத்தில், பாய் விரித்தது போல இருக்க வேண்டும். நடுவில் டேன்டிலயன் என்ற மஞ்சள் பூச்செடி நாலு முளைத்துவிட்டால் போச்சு, வீட்டுக்காரர் சோம்பேறி என்று தெருவே பேசும். நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது எப்படி ஒரு கௌரவமோ, அங்கே புல்வெளி அப்படி.

இந்தக் கௌரவத்துக்குப் பின்னால் ஒரு ரசாயனமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியில் உருவானது 2,4-டி என்னும் களைக்கொல்லி. போர் முடிந்த 1945-ல் இது சந்தைக்கு வந்தது. இதன் சிறப்பு என்னவென்றால், அகன்ற இலையுள்ள செடிகளைக் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது. அதாவது புல்வெளிக்கென்றே செய்தது போன்ற மருந்து! அதற்கு முன்பு புல்வெளி விதையோடு குளோவர் என்ற செடியின் விதையையும் கலந்து விதைப்பது சாதாரணம். குளோவர் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும், நல்ல செடி. ஆனால் 2,4-டி அகன்ற இலை கொண்ட குளோவரையும் சேர்த்துக் கொன்றது. கொஞ்ச காலத்தில் குளோவரே களை என்று பெயர் வாங்கிவிட்டது. ஒரு செடி களையா இல்லையா என்பதைக்கூடச் சந்தையில் கிடைக்கும் மருந்து தீர்மானிக்கிறது பாருங்கள்.

பிறகு இதுவே ஒரு தொழிலானது. வருடச் சந்தா கட்டினால் கம்பெனி வண்டி வீட்டுக்கே வந்து மருந்து அடித்துவிட்டுப் போகும். உரிமம் பெற்ற கம்பெனி, அரசு பதிவு செய்த மருந்து, பணம் கொடுக்கும் வாடிக்கையாளர். எல்லாம் சட்டப்படி சரி. ஆனால் பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று ஒன்று படிப்போம். வாங்குபவரும் விற்பவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பாதிப்பு, அந்த ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நபர் மேல் விழுவது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சந்தாவும் கட்டவில்லை. ஆனால் காற்று வேலியைப் பார்த்து நிற்பதில்லையே!

1962-ல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்த பிறகு, பூச்சிக்கொல்லிகள் பற்றிய பயம் வட அமெரிக்கா முழுவதும் பரவியது. 1972-ல் அமெரிக்கா டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. ஆனால் அந்த விவாதங்கள் வயல், காடு, பறவை, ஆறு என்றே சுற்றின. வாசலில் அடிக்கும் மருந்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ஒரு டாக்டரின் கடிதங்கள்

ஹட்சனில் அதைப் பேசியவர்களில் முக்கியமானவர் ஜூன் இர்வின் என்ற பெண் மருத்துவர். தோல் நோய் நிபுணர். தன்னிடம் வரும் நோயாளிகளின் சில தொல்லைகளுக்கும் அவர்கள் வீட்டைச் சுற்றி அடிக்கப்படும் ரசாயனங்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் நம்பினார். 1985 முதல் நகர்மன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். கடிதங்கள் எழுதினார். அடுத்த கூட்டத்துக்கும் போனார். மறுபடியும் கடிதம் எழுதினார்.

ஆறு ஆண்டுகள்! நம் ஊரில் ஒரு தெருவிளக்குக்காக மனு கொடுத்து அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் வருடம் கேட்பார்கள், இரண்டாம் வருடம் சிரிப்பார்கள், மூன்றாம் வருடம் இவர் வந்தாலே எழுந்து போவார்கள். இது எல்லா ஊருக்கும் பொதுவான கதைதான். ஆனால் ஹட்சனில் மற்ற குடியிருப்பாளர்களும் இதே கவலையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1985 முதல் ஊர் மக்கள் கடிதம் மூலமாகவும் நேரிலும் திரும்பத் திரும்பத் தெரிவித்த கவலைகளுக்குப் பதிலாகத்தான் நகர்மன்றம் செயல்பட்டது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தப் பழைய கடிதங்கள் வீண் போகவில்லை.

துணை விதி 270

1991 மே மாதம் ஹட்சன் நகர்மன்றம் துணை விதி 270-ஐ நிறைவேற்றியது. இதைப் பலரும் "பூச்சிக்கொல்லிக்கு முழுத் தடை" என்று சொல்வார்கள். அது சரியில்லை. விதி அமைக்கப்பட்ட விதம் சுவாரஸ்யமானது.

முதலில் பொதுவாக ஒரு தடை: ஊர் எல்லைக்குள் பூச்சிக்கொல்லி அடிக்கக்கூடாது. பிறகு வரிசையாக விலக்குகள். நீச்சல் குளத்தில் பயன்படுத்தலாம். குடிநீரைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தலாம். கட்டடத்துக்குள்ளே பயன்படுத்தலாம். மனிதருக்கு ஆபத்தான உயிரினங்களைக் கட்டுப்படுத்தலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தான செடிகளை அழிக்கலாம். மரத்தைச் செல்லரிக்காமல் காக்கலாம். உயிரியல் பூச்சிக்கொல்லிகளுக்கும் இடம் உண்டு. கோல்ஃப் மைதானங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம்.

விவசாயிகளுக்கும் தடை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: எந்த மருந்தை வைத்திருக்கிறார்கள், அந்த ஆண்டில் எதை, எங்கே, எப்போது அடிக்கப் போகிறார்கள் என்று ஆண்டுதோறும் நகராட்சியில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

விலக்குகளை எல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது என்ன? அழகுக்காக அடிக்கும் மருந்துதான். ஹட்சன் நகர்மன்றம், இந்த ரசாயனம் கெட்டது, அந்த ரசாயனம் நல்லது என்று பட்டியல் போடவில்லை. அதைப் போட அவர்களிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, விஞ்ஞானிகளும் இல்லை. எதற்காக அடிக்கிறாய் என்பதைத்தான் கேட்டது. தேவைக்காக என்றால் அடித்துக்கொள், அலங்காரத்துக்காக என்றால் வேண்டாம். ஒரு சிறிய ஊர் தன் சக்திக்குள் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு இது.

சம்மனும் வழக்கும்

1992 நவம்பரில் இரண்டு புல்வெளிப் பராமரிப்புக் கம்பெனிகளுக்கு நகராட்சி நீதிமன்றத்தில் ஆஜராகும்படி சம்மன் போனது. துணை விதியை மீறி மருந்து அடித்ததாகக் குற்றச்சாட்டு. ஒன்று ஸ்ப்ரேடெக், இன்னொன்று கெம்லான். வழக்கின் தலைப்பில் ஸ்ப்ரேடெக்கின் பெயர் "114957 கனடா லிமிடெட்" என்று இருக்கும். கனடாவில் கம்பெனிக்குப் பெயர் தேர்ந்தெடுக்காமல் பதிவு செய்தால் பதிவு எண்ணே பெயராகிவிடும், கடைப் பெயர் வேறாக இருக்கும். அதனால் கனடாவின் மிக முக்கியமான சுற்றுச்சூழல் வழக்குகளில் ஒன்று, பஸ் நம்பர் போன்ற பெயரோடு சட்டப் புத்தகங்களில் நிற்கிறது!

கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கை நிறுத்தி வைக்கச் செய்துவிட்டு, கியூபெக்கின் உயர் நிலை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தத் துணை விதியே செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அடிப்படை வாதம், நகராட்சி தன் அதிகார வரம்பை மீறிவிட்டது என்பது.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானதுதான். கம்பெனிச் சட்டத்தில் ஆஷ்பரி ரயில்வே வழக்கைப் படிக்காதவர்கள் யார்? கம்பெனியின் நோக்க ஷரத்தில் இல்லாத வேலையைக் கம்பெனி செய்தால் அது செல்லாது. நகராட்சியும் அப்படித்தான். கனடாவில் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் தனி அதிகாரம் கிடையாது. மாகாண அரசு ஒரு சட்டம் போட்டு எதைக் கொடுக்கிறதோ, அதுதான் அவர்களிடம் இருக்கும். எனவே கேள்வி, பூச்சிக்கொல்லியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாகாணம் ஹட்சனுக்குக் கொடுத்திருக்கிறதா என்பதே.

1993-ல் உயர் நிலை நீதிமன்றம் நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. 1998-ல் கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கம்பெனிகள் விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐயாயிரம் பேர் வரி கட்டும் ஊர், ஒன்பது ஆண்டுகள் மூன்று நீதிமன்றங்களில் வக்கீல் வைத்து நின்றது. தோற்றிருந்தால் ஹட்சனோடு போயிருக்காது, இதே போன்ற விதி போட்டிருந்த மற்ற ஊர்களின் விதிகளும் கூடவே விழுந்திருக்கும். அதனால்தான் கனடா நகராட்சிகளின் கூட்டமைப்பும், உலக வனவிலங்கு நிதியத்தின் கனடா கிளையும் இடையீட்டாளர்களாக வந்து நின்றார்கள்.

2001 ஜூன் 28

அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளும் ஹட்சனுக்குச் சாதகமாகவே முடிவெடுத்தார்கள். நீதிபதி கிளேர் லுரே-டுபே எழுதிய தீர்ப்பில் மேலும் மூவர் சேர்ந்தார்கள். நீதிபதி லெபெல் அதே முடிவுக்கு வேறு காரணங்களோடு தனியாக எழுதினார், அதில் இருவர் சேர்ந்தார்கள்.

கம்பெனிகளின் வாதங்களும் பதில்களும் சுருக்கமாக:

ஒன்று, அதிகாரம் இல்லை என்ற வாதம். கியூபெக்கின் நகரங்கள் சட்டத்தில் பூச்சிக்கொல்லியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வெளிப்படையாகத் தரப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் 410-வது பிரிவு, ஊரின் அமைதி, ஒழுங்கு, சுகாதாரம், பொது நலன் ஆகியவற்றுக்காக விதி போட நகராட்சிக்கு ஒரு பொதுவான அதிகாரம் தந்திருந்தது. நாளை எந்தப் பிரச்சினை வரும் என்று எல்லாவற்றையும் சட்டமன்றம் முன்கூட்டியே பட்டியல் போட முடியாது, அதற்காகத்தான் இப்படிப் பொதுப் பிரிவு வைப்பது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை, விதியின் நோக்கம் உண்மையாகவே ஊர் நலனாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. ஹட்சன் விதியின் நோக்கம் மக்கள் ஆரோக்கியம்தான் என்று ஏற்றுக்கொண்டது.

இரண்டு, பாரபட்சம் என்ற வாதம். விவசாயிக்கு ஒரு நியாயம், புல்வெளிக் கம்பெனிக்கு ஒரு நியாயமா? தேவைக்கான பயன்பாட்டையும் தேவையற்ற பயன்பாட்டையும் பிரிக்காமல் இப்படி ஒரு விதியைப் போடவே முடியாது, எனவே அந்தப் பாகுபாடு அதிகாரத்துக்குள்ளேயே அடங்கியது என்பது பதில்.

மூன்று, முரண்பாடு என்ற வாதம். இதுதான் கம்பெனிகளின் பலமான வாதம். மத்திய அரசு மருந்தைப் பரிசோதித்துப் பதிவு செய்திருக்கிறது. மாகாண அரசு எங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. இதற்குப் பிறகு ஒரு சின்ன ஊர் எப்படிக் கூடாது என்று சொல்லலாம்? மத்திய அரசின் பதிவு என்பது அனுமதி, கட்டளை அல்ல என்று நீதிமன்றம் விளக்கியது. மருந்து அடிக்காமல் இருப்பவர் எந்த மத்தியச் சட்டத்தையும் மீறவில்லை. ஒன்றைக் கடைப்பிடித்தால் இன்னொன்றை மீறியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் முரண்பாடு. வாகனங்களுக்கும் சிகரெட்டுக்கும் மத்திய அரசின் அங்கீகாரம் இருந்தும், அவற்றின் பயன்பாட்டை ஊர் கட்டுப்படுத்தவில்லையா என்று உதாரணமும் காட்டியது. எளிதாகச் சொன்னால், லாரிக்குப் பெர்மிட் இருக்கிறது என்பதற்காகப் பள்ளிக்கூடத் தெருவில் காலை எட்டரை மணிக்கு லாரி ஓட்ட முடியாது.

இன்னொரு கருத்தும் அந்தத் தீர்ப்பில் முக்கியமானது. ஒரு முடிவை எடுக்கத் திறமையுள்ள அரசு அமைப்புகளில், மக்களுக்கு மிக அருகில் இருப்பதுவே அதை எடுப்பது நல்லது, ஏனென்றால் உள்ளூரின் தேவையும் தன்மையும் அதற்குத்தான் தெரியும் என்ற கோட்பாடு. பஞ்சாயத்து ராஜ் பற்றிப் படித்த நமக்கு இது புதிதல்ல.

தீர்ப்பில் வேலூர்

இப்போது தமிழ் வாசகர்களுக்கு ஒரு ஆச்சரியம். கனடா உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பில் நம் வேலூரின் பெயர் வருகிறது!

பாலாறு ஓடும் வேலூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தது. தோல் ஆலைகள் இருக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற விவரம் அந்த வழக்கில் வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதோடு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது.

முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்றால் என்ன? பெரிய, திருத்த முடியாத சேதம் வரும் அபாயம் இருந்தால், விஞ்ஞானம் இன்னும் முழுசாக நிரூபிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப் போடக்கூடாது என்பதுதான். வருமுன் காக்க வேண்டும் என்று திருக்குறள் காலம் முதல் நாம் சொல்லி வருவதை, சட்டம் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்து பிடித்துக்கொண்டது.

லுரே-டுபே, சர்வதேசச் சட்டத்தில் இந்தக் கோட்பாட்டுக்கு உள்ள இடத்தைக் காட்ட 1990-ம் ஆண்டு பெர்கன் பிரகடனத்தைச் சொன்னார். கூடவே இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சுட்டினார். ஒன்று 1999-ன் ஆந்திரா மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழக்கு, மற்றொன்று வேலூர் வழக்கு. நீதிபதி லெபெல் இந்தச் சர்வதேச மேற்கோள்கள் தேவையில்லை, உள்ளாட்சிச் சட்டமே போதும் என்று கருதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், பாலாற்றங்கரை மக்கள் போட்ட வழக்கு ஒட்டாவா நதிக்கரை மக்களின் வழக்கில் போய்த் துணை நின்றது சாதாரண விஷயமா?

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஹட்சன் விதி போட்ட அதே 1991-ல், அமெரிக்காவிலும் இதே கேள்விக்கு ஒரு பதில் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் கேசி என்ற சிறு கிராமப்புற ஊர், 1985-ல் ஒரு விதி போட்டிருந்தது. பொது நிலத்திலும், பொதுமக்கள் புழங்கும் தனியார் நிலத்திலும், விமானம் மூலமும் மருந்து அடிப்பதற்கு முன்பு ஊரிடம் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். ஒரு நில உரிமையாளர் தன் நிலத்தின் ஒரு பகுதிக்கு விமானத்தில் மருந்து தெளிக்க அனுமதி கேட்டார். ஊர் விமானத் தெளிப்பை மறுத்து, தரையில் அடிக்கவும் கட்டுப்பாடு விதித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991 ஜூன் 21 அன்று, மத்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் உள்ளாட்சிகளின் கையைக் கட்டவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. கேசி ஜெயித்தது.

ஆனால் ஜெயித்து என்ன பயன்? மத்தியச் சட்டம் தடுக்கவில்லை என்றால் மாநிலச் சட்டம் தடுக்கலாமே! பூச்சிக்கொல்லித் தொழில்துறை மாநிலத் தலைநகரங்களுக்குப் படையெடுத்தது. உள்ளாட்சிகள் பூச்சிக்கொல்லியைக் கட்டுப்படுத்தக்கூடாது என்று ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் போட்டது. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதாவது ஒரு வடிவில் அந்தத் தடை இருக்கிறது. மெயின் போன்ற சில மாநிலங்களில்தான் ஊர்கள் சுதந்திரமாக விதி போட முடிகிறது.

ஒரே கேள்வி, ஒரே மாதிரியான பதில், ஆனால் பின்விளைவு தலைகீழ். நீதிமன்றத்தில் ஜெயிப்பது பாதி வேலைதான், அந்த வெற்றியைச் சட்டமன்றம் காப்பாற்ற வேண்டும் என்பதை இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்து காட்டுகின்றன.

தீர்ப்புக்குப் பின்

கனடாவில் சட்டமன்றங்கள் எதிர்த் திசையில் போயின. 2003-ல் கியூபெக் மாகாணமே ஒரு பூச்சிக்கொல்லி மேலாண்மை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. புல்வெளிகளில் 20 ரசாயனங்களைப் படிப்படியாக 2006-க்குள் தடை செய்தது. 2,4-டியும் அதில் ஒன்று. அதே 2003-ல் சுமார் 25 லட்சம் மக்கள் வாழ்ந்த டொராண்டோ மாநகரம் இதே போன்ற விதியை நிறைவேற்றி, 2004 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. பூச்சிக்கொல்லித் தயாரிப்பாளர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2005-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹட்சன் வழியிலேயே தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. 2008-ல் ஒன்டாரியோ மாகாணம் முழுவதற்கும் சட்டம் போட்டது, 2009 ஏப்ரல் 22 முதல் அமல்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. டோ அக்ரோசயின்சஸ் நிறுவனம், கியூபெக்கின் 2,4-டி தடைக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சொல்லி, நாஃப்டா என்னும் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் 2008-ல் கனடா அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கேட்ட தொகை 20 லட்சம் டாலர். 2011-ல் சமரசம் ஆனது. கம்பெனிக்கு இழப்பீடு எதுவும் இல்லை, தடையும் தொடரும். பதிலுக்கு, லேபிளில் உள்ளபடி பயன்படுத்தினால் 2,4-டியால் ஏற்க முடியாத ஆபத்து இல்லை என்று கியூபெக் எழுத்தில் ஒப்புக்கொண்டது. யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ள வசதியான சமரசம்!

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்

கம்பெனிகள் சொன்னதில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய அரசின் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறை அமைப்பு 2008-ல் மறு ஆய்வு செய்து, விதிப்படி பயன்படுத்தினால் 2,4-டி புல்வெளிக்கு ஏற்றதே என்றது. 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதே 2,4-டியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதாவது முழு நிரூபணமும் இல்லை, முழு நிம்மதியும் இல்லை.

உரிமம் வாங்கி, வரி கட்டி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தொழில் செய்பவருக்கு, ஊருக்கு ஊர் ஒரு விதி என்றால் கஷ்டம்தான். இந்த எல்லைக்கல் வரை குற்றமில்லை, அதைத் தாண்டினால் குற்றம் என்பது வியாபாரத்துக்குத் தலைவலி. ஒன்டாரியோ சட்டம் மாகாணத்துக்கே ஒரே விதி கொண்டுவந்தபோது, உள்ளாட்சிகளின் தனித்தனி விதிகள் செயலற்றுப் போயின. ஊர்கள் தொடங்கி வைத்த காரியம், ஊர்களின் அதிகாரத்தையே விழுங்கிக்கொண்டு பெரிதானது என்றும் சொல்லலாம். மானிடோபா மாகாணம் 2014-ல் போட்ட தடையை 2022-ல் வெகுவாகத் தளர்த்திவிட்டது. எனவே இந்தக் கதை முடிந்துபோன கதை அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹட்சன் தீர்ப்பு, பூச்சிக்கொல்லி கெட்டது என்று சொல்லவே இல்லை. அந்த விஞ்ஞானச் சண்டைக்குள் நீதிமன்றம் போகவில்லை. சந்தேகம் இருக்கும்போது முடிவெடுக்கும் உரிமை ஊருக்கும் உண்டு என்று மட்டுமே சொன்னது. மஞ்சள் பூ இல்லாத புல்வெளி ஒரு பக்கம், குழந்தைகள் விளையாடும் தரை மறுபக்கம். இந்த இரண்டையும் தராசில் வைத்து எடை போட விஞ்ஞானி தேவை, ஆனால் விஞ்ஞானி மட்டும் போதாது. அந்தத் தரையில் நடக்கிறவர்களுக்கும் ஒரு வாக்கு வேண்டும்.

நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது, தீர்மானம் போடுகிறார்கள், தீர்மானம் ஃபைலுக்குள் போகிறது. "நம்ம பஞ்சாயத்து போட்டு என்ன ஆகப் போகுது?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஐயாயிரம் பேர் வாழும் ஹட்சனிலும் 1985-ல் நிச்சயம் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்கள். அதற்கான பதில் பதினாறு ஆண்டுகள் கழித்து வந்தது. நடுவில் தேவைப்பட்டது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து அதே கேள்வியைச் சலிக்காமல் கேட்ட ஒரு டாக்டர், கடைசியில் காது கொடுத்த ஒரு நகர்மன்றம், வழக்கு என்றதும் பயந்து விதியை வாபஸ் வாங்காத ஒரு ஊர். மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும், இந்தக் கட்டுரை எழுத விஷயமே இருந்திருக்காது.